போத்தல் ரூபார்ப்

“அம்மா, ‘ஹோம்மேட்’ எண்டால் ஆரின்ரை வீட்டில செய்தது?”

ஏழு வயதில், கடையில் ஒரு கேக் பெட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு பிரசாந்தினி கேட்டது இது. “வாயை மூடிக்கொண்டு வா” என்று நகுலேஸ்வரி அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மகள் இப்போது லீட்ஸில் படிக்கிறாள். கேள்வி மட்டும் நோர்பரி வீட்டை விட்டுப் போகவில்லை. இந்த வெள்ளிக்கிழமை மாலை, பிசைந்த மாவுக்கும் மூடி திறந்த ஒரு போத்தலுக்கும் நடுவில் நின்ற நகுலேஸ்வரியின் காதுக்குள் அது மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடையில் வாங்கிய போத்தல். உள்ளே, ‘பை’ என்கிற மாப்பலகாரத்துக்குள் அப்படியே கொட்டக்கூடிய பதத்தில் சர்க்கரையோடு வெந்த ரூபார்ப் தண்டு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ‘ஓம்’தான். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு ஜோய்ஸ் வேலிக்கு மேலால் ஒரு கட்டுச் சிவந்த தண்டுகளை நீட்டினார். “இலையைச் சாப்பிட்டுவிடாதே, நஞ்சு. தண்டை வெட்டிப் பை செய்” என்றார். வயதுக்கு மூத்தவர் அன்போடு தருவதை வேண்டாம் என்று சொல்ல நகுலேஸ்வரியை யாரும் வளர்க்கவில்லை. “யெஸ், யெஸ்” என்று வாங்கி வந்து ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். பல் கூசும் புளிப்பு. அன்றைக்கே அது மீன்குழம்பில் பழப்புளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் ஜோய்ஸ், பை எப்படி வந்தது என்று கேட்டார். “வெரி நைஸ்” என்றாள். தீபம் ஏற்றாமல் தேநீர்கூடக் குடிக்காதவள் சொன்ன சின்னப் பொய். அது ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு குட்டி போட்டது. தோட்டத்தில் விளைவதையெல்லாம் தனக்கே தந்துவிட்டால் அந்த மனுசி எதில்தான் பை செய்கிறார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் ஜோய்ஸ் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தேவாலயத்து அறுவடை விழாவில் அவருடைய ரூபார்ப் பை பெயர்போனது. “இந்த முறை நீதான் செய்யவேண்டும். விழாவை நடத்துகிற பற்றீசியாவிடமும் சொல்லிவிட்டேன். நான் தந்ததை ஃப்ரீஸரில் வைத்திருப்பாய்தானே?” என்று கேட்டார். தலை வழக்கம்போலத் தானாக ஆடிவிட்டது. ஃப்ரீஸரில் மீன் மட்டுந்தான் இருந்தது.

“பிடிபட்டால் அந்த மனுசி இனி என்ரை முகத்தில முழிக்காது” என்றாள் நகுலேஸ்வரி. “இவ்வளவு வருசமும் என்னை நம்பித் தந்தது.”

கணவர் ஞானரட்ணம் கரண்டியால் போத்தலில் இருந்ததைத் தொட்டு நக்கிப் பார்த்தார். “மா எங்கட. கை உம்முடையது. அடுப்பு எங்கட, கரண்ட் பில்லும் நான்தான் கட்டுறன். போத்தலுக்குள்ள கிடந்ததுக்கு மட்டும் தனி வீடோ?”

“பகிடி விடாதேங்கோ. சாமித்தட்டில இருந்து அம்மாளாச்சி பாத்துக்கொண்டிருக்கிறா.”

“அவ பாக்கட்டும். பற்றீசியா பாக்காமல் விட்டால் காணும்.”

மறுநாள் தேவாலய மண்டபத்தில் பற்றீசியா ஒரு சிறிய அட்டையையும் பேனையையும் நீட்டினார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உலகத்தையே சரிபார்க்கிறவர் அவர். ஒவ்வொரு பலகாரத்துக்கும் முன்னால் ‘வீட்டில் செய்தது’ என்று எழுதிவைக்க வேண்டுமாம். நகுலேஸ்வரியின் கை எழுத மறுத்தது. வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும், எழுதினால் அங்கேயே நிற்கும். சற்று யோசித்துவிட்டு, அழகான தமிழில் எழுதினாள்: ‘உள்ளுக்குப் போத்தல். வெளியில் மட்டும் நான்.’ மனது உடனே லேசாகிவிட்டது.

அட்டையைப் பார்த்து மண்டபமே சொக்கிப்போயிற்று. எழுத்துகள் கோலம் போல வளைந்திருக்கின்றன என்றார் ஒருவர். இன்னொருவர் அதைப் படமெடுத்தார். போதகர், இதுதான் உண்மையான சகோதரத்துவம் என்றார்.

“என்ன எழுதியிருக்கிறாய்?” என்று பற்றீசியா கேட்டார்.

நகுலேஸ்வரி பைத் தட்டைச் சற்று நேராக்கி வைத்தாள். மொழிபெயர்த்தால் மானம் போகும், மாற்றிச் சொன்னால் அம்மாளுக்குப் பதில் சொல்லவேண்டும். பக்கத்து நாற்காலியில் கட்டுப்போட்ட கையோடு இருந்த ஜோய்ஸ் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவது ஒருகணம் நின்றது. நகுலேஸ்வரியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, தமிழில் ஓரெழுத்தும் அறியாத அந்த மனுசி, சர்வ நிச்சயமாகச் சொன்னார்: “ஜோய்ஸ் செய்கிற மாதிரியே செய்தது என்று எழுதியிருக்கிறாள். வேறென்ன?”

பற்றீசியா தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். நகுலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்கவில்லை. இதை எந்தப் பிறவியில் திருப்பிக் கொடுப்பது?

பிறவி தாண்டத் தேவையிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஜோய்ஸ் கைக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அன்றைக்குப் பற்றீசியாவும் தோழிகளும் வந்து அவருடைய குசினியைக் கழுவித் துடைப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குக் கதவு திறந்துவிடச் சொல்லிச் சாவியை நகுலேஸ்வரியிடம் தந்திருந்தார். அவள் சற்று முன்னதாகவே போனாள், மண்டபத்தில் பை வைத்திருந்த ஜோய்ஸின் தட்டைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட. கீழ் அலுமாரியைத் திறந்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

வெறும் போத்தல்கள். கழுவித் துடைத்து, மூடி போட்டு, பின்சுவர்வரை அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் அவள் வாங்கிய அதே ரூபார்ப் லேபிள். வெளியே வைத்தால் தெரு பார்க்கும் என்று, குப்பையில் போடவும் துணியாமல், வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த போத்தல்கள்.

‘ஜோய்ஸ் செய்கிற மாதிரியே.’ நகுலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய, மணிக்கூட்டைப் பார்த்தாள். பற்றீசியா எந்த அலுமாரியையும் திறக்காமல் விடுகிற ஆளில்லை.

அரிசிப் பைகளில் போத்தல்களை நிரப்பி, கிலுங்காமலிருக்க நடுவில் துவாய்களைச் செருகி, பின்வழியால் தன் வீட்டுக்குச் சுமந்தாள். கடைசிப் பையைக் கொண்டுபோனபின் அலுமாரித் தட்டில் படிந்திருந்த வட்ட வட்டமான அடையாளங்களையும் ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு, தன் வீட்டு வாசலில் மறுசுழற்சிப் பெட்டியை இழுத்துவைத்து, போத்தல்களை ஒவ்வொன்றாக அதற்குள் அடுக்கினாள். பெட்டி நிறைந்து, மிச்சம் மதிலோரமாக வரிசையில் நின்றது. பழைய பேப்பரால் மூடலாமா என்று ஒருகணம் யோசித்தாள். மூடவில்லை. தெரு பார்க்கட்டும், இனி இவை அவளுடைய போத்தல்கள்.

தெருமுனையில் பற்றீசியா வாளியும் கையுறையுமாக வந்துகொண்டிருந்தார். நகுலேஸ்வரியின் வாசலுக்கு வந்ததும் அவருடைய நடை நின்றது. கண்ணாடி மெல்ல மூக்கு நுனிக்கு இறங்கியது. நகுலேஸ்வரி ஜோய்ஸின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையை உதறிச் சரிசெய்து, பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவை அகலத் திறந்தாள். அவள் வீட்டு வாசலில் போத்தல்களில் எல்லாம் வெயில் ஏறியிருந்தது.