யார்கிட்டயாவது இருக்கும்

ஒரு வங்கி விழுந்தால் கூடவே எத்தனை வங்கிகளை இழுத்துக்கொண்டு விழும் என்பதுதான் என் தம்பியின் ஆராய்ச்சி. கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடுதான் இருந்தான். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, வட்டம் வட்டமாகப் போட்டுக் கோடு இழுப்பான். எனக்குப் புரியவேண்டும் என்று வட்டங்களுக்குச் சொந்தக்காரர்களை வைப்பான்.

"இது சித்தப்பா. கஷ்டம்னா பெரியப்பா பார்த்துப்பார்னு இருக்கார். பெரியப்பா அத்தையை நம்பியிருக்கார். அத்தை?"

"சித்தப்பாவை."

"அவ்வளவுதான்கா. எல்லாருக்கும் எல்லாரும் பொறுப்பு. யார் கையிலயும் ஒண்ணும் கிடையாது."

கடைசிக் கட்டுரையை மூன்று பேர் சேர்ந்து எழுதினார்கள்: தம்பி, அவன் துறைத்தலைவர், ஒப்பந்த வேலையில் இருந்த ஓர் ஆய்வாளர் பெண். முதல் பெயர் தம்பியுடையது. அவனுக்குக் காகிதத்தில் யோசனை ஓடாது. பலகையில் எழுதுவான், மற்ற இருவரில் யாராவது வந்து படம் எடுத்துப் போவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை டீ டம்ளரோடு பலகை முன் நின்று, "முடிஞ்சுதுக்கா" என்றான். மறுநாள் வகுப்பறையில் மாரடைப்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது பலகையில் சித்தப்பா கையெழுத்தில் போன் நம்பர்கள் இருந்தன. சாவுச் செய்தி சொல்லவேண்டியவர்கள்.

"கேட்டுட்டுத்தாம்மா அழிச்சேன்" என்றார் சித்தப்பா. "அந்தத் துறைத்தலைவருக்கே போன் போட்டேன். யார்கிட்டயாவது இருக்கும்னார்."

பலகையின் படம் யாரிடமும் இல்லை. தலைவர் அந்தப் பெண் எடுத்திருப்பாள் என்றிருந்தார். அவள், சார் எடுத்திருப்பார் என்றிருந்தாள்.

சில வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். சித்தப்பாவும் இருந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முடிவுப் பகுதியை நாங்க புதுசா எழுதணும்மா. அதனால பேர் வரிசை மாறும். தம்பி பேரை அடிக்குறிப்பில நன்றியோட போட்டுடுவோம். வாரிசுன்னு நீங்க ஒரு கையெழுத்து."

"போட்டுடும்மா" என்றார் சித்தப்பா. "மேல வந்தா என்ன, கீழ வந்தா என்ன. ஏதோ வருதுல்ல."

பேரம் பேசும்போது எதிராளி எவ்வளவு பெரியவன் என்று பார்க்காதே, யாரால் எழுந்து போகமுடியும் என்று பார் என்பான் தம்பி. இழக்க என்னிடம் இனி எதுவும் இருக்கவில்லை.

"போடலைன்னா?"

"கட்டுரை வராதும்மா. அவரோட உழைப்பு வீண்."

"உங்களோடதும்தானே?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, என் வேலை நிரந்தரமாகறதே இதை வச்சுத்தான்."

"அவன் பேர் முதல்ல வரட்டும். இப்பவே போடறேன்."

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். நான் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டுரை வரவில்லை. தலைவருக்கு வேறு கட்டுரைகள் இருந்தன. இருக்கிற நாற்காலியில் இருக்கிறார். சித்தப்பா என்னைப் பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வருவதைக் குறைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பலகையில் அவளை எந்த வட்டமாக வைத்திருந்தாய் என்று தம்பியிடம் ஒருநாளும் நான் கேட்டதில்லை.