வயலின் வராத ஹெட்செட்

படீரென்று ஒரு சத்தம். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹெட்செட் டப்பாவை ஓங்கி அடித்த கை இன்னும் கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது. அதன் அடியிலிருந்து மேசையின் மூலை வரை விரிசல் ஒன்று ஓடிப்போய் நின்றது.

“இது மூணாவதுங்க அம்மணி! மூணுலயும் எடது பக்கம் செத்துக் கெடக்குது. இதெல்லாம் ஒரு யாவாரமா?”

கத்தியவன் பிரபாகர். ரிக் என்கிற போர்வெல் லாரியில் துளை போடும் டிரில்லர். மழைக்காலம் என்பதால் வண்டி வடக்கேயிருந்து திருச்செங்கோட்டுக்குத் திரும்பி ஷெட்டில் நின்றது. ரிக்கில் இருக்கும்போது ஓய்வு நேரத்தில் செல்போனில் பழைய பாட்டுப் போட்டால் கூட இருக்கிறவர்கள் தூங்க விடுய்யா என்று சண்டைக்கு வருகிறார்கள். அதற்காகத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஹெட்செட் வாங்கினான். ஏற்கெனவே இரண்டை மாற்றியாயிற்று.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள் கௌசியா. கடை அவளுடையது. கல்லூரி திறக்கிற நேரம் என்பதால் புதுச்சரக்கு இறக்கி, கூரை வரை தொங்கவிட்டிருந்தாள்.

“கண்ணாடி போனாப் போவுது, கொரலக் கொறைங்கண்ணா. மொதல்ல வாங்குனது என்னாச்சு?”

“அதுல மேளம் மட்டும் மண்டையில இடிக்குது. பாடறவரு கெணத்துக்குள்ள எறங்கிப் பாடறாரு.”

“சரி. ரெண்டாவது?”

“கொரல் நல்லாருக்குதுங்க. தபேலா தகரத்தத் தட்டற மாதிரி கேக்குது. அதக்கூடப் பொறுத்துக்கலாம். வயலின் எங்கீங்க? எம் பாட்டுல மொதல்ல வயலின் வரும், கூட்டமா வரும். ரெண்டுலயும் வரல. இதா, இந்தக் கழுத்துல மாட்டறது, இதுலயும் வரல. ஏன்னா எடது பக்கமே வேல செய்யல!”

கௌசியா நெக்பேண்டை எடுத்தாள். ரப்பர் முனைகளைத் துடைத்துத் தன் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு அவன் போனில் இருந்த அதே பாட்டை ஓடவிட்டாள். அவள் புருவம் சுருங்கியது. வலது, இடது என்று மாற்றி மாற்றிக் கேட்டாள்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். “அக்கா, ஒத்தக் காதுக்குப் பாதி வெலைதான வாங்குனீங்க?”

“உனக்கு ரெண்டு காதும் இருந்தும் ஓசியிலதான பாட்டுக் கேக்கற, நவுந்து நில்லு” என்றாள் கௌசியா, தலையை நிமிர்த்தாமலே. பிறகு பிரபாகரிடம் நெக்பேண்டை நீட்டினாள். “அண்ணா, எடது பீஸைக் கொண்டுபோயி வலது காதுல வெச்சுப் பாருங்க.”

அவன் அதுவரை அப்படிச் செய்து பார்த்ததில்லை. எது எந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மாட்டுவான். ரிக்கில் எந்த வால்வையும் அப்படித்தான் தொட்டுப் பழக்கம். வேண்டா வெறுப்பாக இடது பீஸை எடுத்து வலது காதில் செருகினான்.

வயலின் வந்தது.

கூட்டமாகத்தான் வந்தது. ஏறி, வளைந்து, ஒரு நொடி நின்று மறுபடி ஏறியது. வலது பீஸை எடுத்து இடது காதில் அழுத்தினான். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினான். ரப்பர் காதுக்குள் குத்தி வலித்ததே தவிர, ஒன்றுமே இல்லை.

டிரில்லிங் பலகைக்கு முன்னால் நிற்கும்போது கம்ப்ரசர் எப்போதும் அவனுக்கு இடது பக்கம்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதே இடம், அதே இரைச்சல். போன் வந்தால் கை தானாக வலது காதுக்குத்தான் போகும். ஏன் என்று ஒருநாளும் அவன் யோசித்ததில்லை.

“என்னப்பா, வருதா இல்லியா?”

தோளுக்குப் பின்னால் கேட்டது மேனேஜர் பாலசுந்தரத்தின் குரல். பக்கத்து டீக்கடையில் இருந்தவர் சத்தம் கேட்டு வந்துவிட்டார். பிரபாகர் வேலை செய்யும் கம்பெனியில் புது ரிக் லாரி இறங்கியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பூஜை. அதற்கு டிரில்லர் யார் என்று சொல்ல வேண்டியவர் இவர். அந்த இடத்துக்கு முதலில் வேண்டியது காது. குழிக்குள்ளே சுத்தியல் எந்தக் கல்லை இடிக்கிறது, எப்போது தண்ணீர் உடைகிறது என்பதைச் சத்தத்திலேயே பிடிக்க வேண்டும்.

கௌசியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது. வலது காதில் வயலின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“வரலீங்க” என்றான் பிரபாகர்.

“குடு, நான் பாக்கறேன்” என்று பாலசுந்தரம் கை நீட்டினார். அதற்குள் கௌசியா நெக்பேண்டை வாங்கி மேசை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டாள்.

“பீஸ் கோளாறுதானுங்க சார். என் தப்புதான். அண்ணனுக்குப் பணத்தத் திருப்பிக் குடுத்தர்றேன்.”

“பாத்து யாவாரம் பண்ணும்மா. உழைக்கறவன் காசு” என்று சொல்லிவிட்டு அவர் போனார். யாரோ ஒருவன் இதையெல்லாம் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்வதற்குள் ரிக் டிரைவர்கள் குரூப் முழுக்க அந்த வீடியோதான். ‘ஒத்தக் காது கடை’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக நின்றன. பிரபாகர் போனைக் கவிழ்த்து வைத்தான்.

வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இடது காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். தீப்பெட்டியைக் குலுக்கினான். எதிர்வீட்டு மிக்சி ஓடும்போது வலது காதைப் பொத்திக்கொண்டு நின்றான். ஓடுகிற மிக்சி நின்றுபோனது. கையை எடுத்தால் மறுபடி ஓடியது. மனைவி அகல்யா உள்ளே வருவதைப் பார்த்ததும் தலை சொறிவதுபோலக் கையை மாற்றிக்கொண்டான். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பூஜைச் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போனவன், கௌசியா கடைக்கு எதிர்வரிசையில் ஒதுங்கி நடந்தான். இரண்டு கல்லூரிப் பெண்கள் அங்கே ஒரு ஹெட்செட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளின் கையைத் தட்டினாள்.

“வேண்டாம் வாடி. வீடியோல வந்துச்சுல்ல, அந்தக் கடைடி இது.”

கௌசியா அவர்கள் வைத்துவிட்டுப் போனதை எடுத்து மறுபடி கொக்கியில் மாட்டினாள். நிமிர்ந்தபோது தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற பிரபாகரைப் பார்த்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவனால் அங்கே நின்றிருக்க முடியும். அவள் பார்வையை மாற்றிக்கொண்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். விரிசலின்மேல் நீளமாகச் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. பிரபாகர் வாழைப்பழம் வாங்க மறந்து வீடு திரும்பினான்.

வெள்ளிக்கிழமை மலையடிவாரத்தில் புது ரிக் லாரி நின்றது. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாவி பிரபாகருக்குத்தான் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். அகல்யா வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“ஏம் புள்ள, வருசம் எத்தன ஆச்சு, இன்னுமா உனக்கு இது தெரியல?” என்று பிடித்துக்கொண்டாள் பிரபாகரின் பெரியம்மா நல்லம்மாள். “பொண்டாட்டி எடது பக்கம் நிக்கோணும். மேல மலையில சாமியே பொம்பளைக்கு எடது பக்கத்தக் குடுத்துட்டு நிக்குது. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இவ என்னடான்னா எங்க போனாலும் வலது பக்கமே போயி ஒட்டிக்கறா.”

“எனக்கு இப்பிடித்தானுங்க பெரீம்மா வசதி” என்றாள் அகல்யா. நகரவில்லை.

கற்பூரம் காட்டி முடிந்ததும் பாலசுந்தரம் ஒரு புது டப்பாவைத் தூக்கிக் காட்டினார். “நம்ம டிரில்லருக்குக் கம்பெனி பரிசு! ஈரோட்டுல வாங்குனது. ரெண்டு காதுலயும் கேக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“போட்டுப் பாத்துச் சொல்லப்பா. அந்த ஒத்தக் காது கடைச் சரக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு. டேய், வீடியோ எடுங்கடா. குரூப்ல போடலாம்.”

மூன்று நான்கு செல்போன்கள் உயர்ந்தன. பிரபாகர் இரண்டு பீஸையும் மாட்டினான். அவனுடைய பாட்டையே தேடிப் போட்டிருந்தார்கள். பாடகர் பாடினார். தபேலா நன்றாகவே இருந்தது. தகரச் சத்தம் இல்லை. வயலின் வர வேண்டிய இடம் வந்தது. வெறுமையாகக் கடந்து போனது.

‘அருமையா இருக்குதுங்க’ என்று சொன்னால் போதும். சாவி அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரபாகருக்கு அந்த விரிசலும், அதன்மேல் ஒட்டிய டேப்பும்தான் கண்ணில் நின்றன.

“இதுலயும் எடது பக்கம் வரலீங்க” என்றான்.

“என்னது?”

“கடை மேல தப்பில்லீங்க. என் காதுங்க. எடது காது சுத்தமாக் கேக்கறதில்ல. அன்னிக்கு அந்தக் கடையில நின்னப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணு மேல பழியப் போட்டேன்.”

உயர்ந்திருந்த செல்போன்கள் இறங்கவில்லை. பாலசுந்தரம் கிட்டே வந்து ஹெட்செட்டைக் கழற்றினார். அவன் இடது காதோரம் விரலைச் சொடுக்கினார். விரல் அசைவது கடைக்கண்ணில் தெரிந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சொடுக்கினார். மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிரபாகர் தரையில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான்.

“ஒத்தக் காத வெச்சுக்கிட்டு டிரில்லிங்ல நிக்க முடியாதுப்பா” என்றார் அவர், கோபமில்லாமல். “கல்லு மாறுறது தெரியாம ஒருநாள் பைப்ப உள்ளயே உட்டுருவ. மொதல்ல டாக்டரப் பாரு. அப்புறம் பேசிக்கலாம்.” திரும்பினார். “காத்தா, இங்க வா.”

சாவி காத்தான் கைக்குப் போனது. அவன் பிரபாகரின் கீழ் வேலை பழகியவன். வாங்கிக்கொண்டு பிரபாகர் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

அங்கிருந்து பிரபாகர் நேராகக் கடைவீதிக்கு நடந்தான். அகல்யாவும் கூடவே வந்தாள். கௌசியா கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

“அம்மணி, உங்க ஹெட்செட்டு மூணும் நல்ல ஹெட்செட்டுதானுங்க. என் காதுதான் கோளாறு. நான் பொய் சொன்னேன்.” நின்றவர்கள் பக்கம் திரும்பினான். “நீங்களும் கேட்டுக்கோங்க. குரூப்லயும் இந்நேரம் வீடியோ வந்திருக்கும்.”

கௌசியா நெற்றியை மறைத்த முக்காட்டைச் சரிசெய்தாள். “எனக்கு அன்னிக்கே தெரியுமுங்கண்ணா.”

“அப்புறம் எதுக்குங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“உங்க மேனேஜரு பின்னாடியே நின்னாரு. கண்ணாடிய ஒடச்சது நீங்கன்னாலும் உங்க மூஞ்சிதாங்க ஒடஞ்சு போயிருந்துச்சு.” டிராயரைத் திறந்து அந்த நெக்பேண்டை எடுத்து வைத்தாள். “போன் செட்டிங்ல ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாச் சேத்துடலாம். ஒரே காதுல எல்லாமே கேக்கும். வயலினும் வரும். குடுங்க, மாத்தித் தர்றேன்.”

அவள் மாற்றித் தந்தாள். அவன் அங்கேயே நின்று கேட்டான். குரல், தபேலா, வயலின் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே காதுக்குள் வந்தன. கண்ணாடிக்கு என்ன ஆகும் என்று கேட்டான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். முகம் காட்ட முடியாமல் படியிறங்கினான்.

இருவரும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினார்கள். பிறகு பிரபாகர் குனிந்த தலையோடு சொன்னான்.

“ஊருக்கு முன்னால உன்னயும் தலகுனிய வெச்சுட்டேன். உங்கிட்டயாச்சும் மொதல்லயே சொல்லியிருக்கோணும். உனக்கு இன்னிக்குத்தான தெரியும்?”

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னா, பெரீம்மா அத்தன பேச்சுப் பேசியும் இத்தன வருசமா உங்க வலது பக்கமே எதுக்குங்க நிக்கறேன்?”