நாற்பதாவது குண்டூசி

பட்டாணிக்குத் தனி அறை வேண்டும் என்று முதலில் சொன்னது அவளுடைய அப்பாதான். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் வந்த பெயர் பட்டாணி. இப்போது ஒன்றே முக்கால் வயது. கட்டிலில் குறுக்கே படுத்துக்கொண்டு பெரியவர்கள் இருவரையும் ஆளுக்கொரு ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். இப்படியே போனால் எனக்குத் தரைதான் நிரந்தரம் என்று அவன் மனைவியிடம் புலம்பிக்கொண்டே இருந்தான். பழைய பெட்டிகள் கிடந்த சின்ன அறையை இருவருமாகக் காலி செய்து, சுவருக்கு வெளிர்பச்சை அடித்தார்கள். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக், கை சும்மா இருக்காது. கூரையில் ஒரு விளக்கு மாட்டினான். உள்ளங்கையில் அடங்குகிற ரிமோட்டை அழுத்தினால் அது நிறம் மாறும். பட்டாணிக்கு அதைப் பார்த்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம்.

ஜன்னல்தான் தொந்தரவு. மேற்குப் பார்த்தது. குழந்தை தூங்குகிற மத்தியான வேளையில் வெயில் நேராக அறைக்குள் இறங்கியது. கடையில் பார்த்த திரைச்சீலைகள் ஒன்று பாதியில் நின்றன, இல்லையென்றால் தரையைப் பெருக்கின. நானே தைக்கிறேன் என்றாள் மனைவி. அதுவரை அவள் தைத்ததெல்லாம் சட்டைப் பொத்தான்தான்.

அவளுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்களே, அந்தப் பக்கம் பேசுகிற குரல் அவளுடையது. பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க என்று ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்லுவாள். எவ்வளவு பெரிய கோளாறாக இருந்தாலும் குரல் ஏறாது. அதற்காகவே அவளுக்கு அங்கே நல்ல பெயர்.

கீழ்வீட்டில் ஒரு டெய்லர் அக்கா இருந்தாள். அவளிடமிருந்து பழைய தையல் மெஷின் ஒன்று இரவலாக வந்தது.

"இந்த மெஷின் எங்க வீட்டுக்காரர் மாதிரி. அதட்டுனா ஓடாது, நைசாப் பேசித்தான் ஓட்டணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள் அக்கா. கூடவே ஒரு டப்பா குண்டூசியும் கொடுத்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு மணி. பார்த்தால் ஜவ்வரிசி அளவு மிட்டாய் மாதிரிதான் இருக்கும்.

"நாப்பது இருக்கு. எடுக்கும்போது எண்ணு, வைக்கும்போதும் எண்ணு. சின்னக் குழந்தை நடமாடுற வீடு."

விடுமுறை நாளில் அவள் வேலையை ஆரம்பித்தாள். நீலத் துணி, அதில் வெள்ளை வெள்ளையாகக் கப்பல்கள். பட்டாணி பன்னிரண்டரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கையறையில் தூங்கிப்போனாள். அம்மா சின்ன அறையின் தரையில் துணியை விரித்து, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, கீழ்ப்பக்கத்தை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, அக்கா சொன்ன நாற்பதை நம்பி எண்ணாமலே குண்டூசி குத்திக்கொண்டே போனாள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் பாதி வந்திருப்பாள், மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மணியைப் பார்த்தாள், இரண்டரை. எழுந்து ஓடினாள்.

துணியை எடுத்து, நனைந்ததை உதறி நாற்காலிகளில் போட்டுவிட்டு வர ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது நீலத் துணியின் நடுவே பட்டாணி உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்தாள், எப்போது கட்டிலிலிருந்து இறங்கினாள், எதுவும் கேட்கவில்லை. மடிப்பிலிருந்து பிடுங்கிய ஊசிகள் அவளைச் சுற்றிக் கிடந்தன. கையில் ஒரு சிவப்பு ஊசி.

"மித்தாய்" என்றாள் பட்டாணி.

அம்மா அந்தக் கையை மெல்லப் பிடித்து ஊசியை வாங்கினாள். குழந்தையைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கின் அடியில், கன்னத்துக்குள், ஈறின் ஓரம் எல்லாம் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து ஊசிகளைப் பொறுக்கினாள். துணியில் மிச்சம் இருந்தவற்றையும் உருவி எல்லாவற்றையும் டப்பாவில் எண்ணிப் போட்டாள்.

முப்பத்தொன்பது.

கொட்டி மறுபடியும் எண்ணினாள். முப்பத்தொன்பது. பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து எண்ணினாள். கடைசி வரிசையில் ஒன்பதுதான் இருந்தது.

துணியைத் தடவினாள், உதறினாள். கணவனின் கருவிப் பெட்டியில் நீளக் கம்பியின் முனையில் காந்தம் வைத்த ஒரு சாமான் உண்டு, விழுந்த திருகாணியை எடுப்பதற்கு. அதைக் கொண்டுவந்து தரை முழுக்க ஓட்டினாள். அரிசி அளவில் ஒரு கறுப்புத் திருகாணி ஒட்டிக்கொண்டு வந்தது. எரிச்சலோடு அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். ஊசி வரவில்லை.

அதற்குள் பட்டாணியின் வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்திருந்தது. பல் முளைக்கும்போது ஒழுகியதுதான், ஆனால் இது நிற்கவில்லை. டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குழந்தை ஒரு வாய் குடித்தது, குடித்தது அப்படியே திரும்பி வந்தது. பிறகு அழ ஆரம்பித்தாள். இரண்டு வீடு தாண்டிக் கேட்கிற தொண்டை பட்டாணிக்கு. அது கரகரவென்று, காற்று மாதிரி வந்தது.

 அம்மா கணவனுக்கு ஃபோன் செய்தாள். தன் வாயிலிருந்து வந்த குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். வேலையில் பேசுகிற அதே குரல், ஒரு பிசிறும் இல்லை. "பட்டாணி ஊசிய முழுங்கிட்டான்னு நெனைக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க நேரா அங்க வந்துடுங்க" என்றாள். ஊரின் மறுகோடியில் யாரோ வீட்டு ஃபிரிட்ஜைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவன் எப்படி, எப்படி என்று கேட்டான். அவள் வைத்துவிட்டாள். நான் பால்கனிக்குப் போயிருந்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

டெய்லர் அக்காவின் கதவு பூட்டியிருந்தது. நடந்ததை அவளுக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு, தெருவில் வந்த வாடகைக் காரை மறித்து ஏறினாள்.

அந்தப் பயணத்தை அவளால் பிறகு யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. மழையில் வண்டிகள் ஊர்ந்தன. குழந்தையை மடியில் நிமிர்த்தி, முதுகு வளையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசி எங்கே நகர்கிறது, எங்கே குத்துகிறது என்று அவள் மனம் போய்ப் போய்ப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார்.  அதற்குப் பிறகு ஒரு இடத்தில்கூட அவர் வண்டியைக் குலுங்க விடவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, ஊசி வாய்க்குள் போனதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை, எண்ணிப் பார்த்தேன் என்றாள் அம்மா. உடனே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள்.

எக்ஸ்ரே அறையில் தடிக்கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். கனமான மேலங்கியை அவளுக்கு மாட்டிவிட்டு, குழந்தையின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னார். படம் திரையில் வந்தது. பட்டாணியின் விலா எலும்புகள் சீப்புப் பல் மாதிரி மெல்லியதாகத் தெரிந்தன. அம்மா அந்த எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோட்டைத் தேடினாள். கழுத்திலிருந்து அடிவயிறு வரை தேடினாள். கோடு இல்லை.

"ஊசி இல்லம்மா" என்றார் அவரும்.

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. மார்புக்கு மேலே, தொண்டை முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. ஏதோ பொத்தானின் நிழல் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிந்தது. அவர் ஃபோனை எடுத்து யாரிடமோ பேசினார். சத்தமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

 அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். நிலைமை கைமீறிப் போகும்போதுதான் அவள் அப்படிப் பேசுவாள்.

டாக்டரம்மா ஓடிவந்தாள். "இது பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில மாட்டியிருக்கு. ஊசிய விட இது மோசம். ஈரம் பட்டா சுத்தியிருக்கிற சதைய அரிக்க ஆரம்பிச்சிடும். எப்ப முழுங்குனா, தெரியுமா?"

"ரெண்டரைக்கு மழை வந்துச்சு. அப்பதான்."

"நிச்சயமா?"

"அதுக்கு முன்னாடி வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்தா."

மணி மூன்று இருபத்தைந்து. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டாள். இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் தப்பிக்க வாய்ப்பு அதிகம், மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டு எடுக்க வேண்டும், அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை நீட்டினாள். அம்மா எங்கே கையெழுத்துப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

குழந்தையைக் கொண்டுபோன கதவு மூடிய சமயத்தில் கணவன் வந்து சேர்ந்தான். தலையெல்லாம் நனைந்திருந்தது, கையில் கிரீஸ் கறை. ஊசி இல்லை, பேட்டரி என்றாள். அவன் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"ரிமோட்" என்றான். "போன வாரம் பேட்டரி மாத்துனேன். பின்னாடி இருக்கிற ஸ்க்ரூ எங்கயோ விழுந்துடுச்சு. தேடிப் பாத்தேன், கிடைக்கல. டேப் ஒட்டி அந்த ரூம்லயே வச்சுட்டேன். ஊர்ல இருக்கிறவன் ஃபிரிட்ஜையெல்லாம் சரி பண்றவன், ஒரு ஸ்க்ரூ போடல."

காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்த கறுப்புத் திருகாணி அவளுக்கு நினைவு வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. பால்கனிக்குப் போனதை மட்டும் சொன்னாள். காரில் வரும்போது முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். அவனோ அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து டெய்லர் அக்கா மூச்சிரைக்க வந்தாள். செய்தியை இப்போதுதான் பார்த்தாளாம். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"நான் எண்ணவே இல்லடி. டப்பா மேல நாப்பதுன்னு போட்டிருந்துச்சு, அதையே சொல்லிட்டேன். எத்தன வருஷத்து டப்பா, ஒண்ணு ரெண்டு எப்பவோ தொலைஞ்சிருக்கும். உன்ன அநியாயமாப் பதற வச்சிட்டேனே."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா ஒழுங்காக எண்ணி முப்பத்தொன்பது என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தாள். கணக்குச் சரியாக வந்திருக்கும். எச்சில் ஒழுகுவதைப் பல் முளைப்பது என்று நினைத்திருப்பாள். கரகரத்த அழுகையைச் சளி என்று நினைத்து, வீட்டில் இருக்கிற மருந்தைக் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்திருப்பாள். அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்கும். அன்றைக்குப் பட்ட பயத்திலெல்லாம் பெரிய பயம் அந்த நிமிடத்தில்தான் வந்தது. அக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். 

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. எடுத்தாயிற்று என்றாள் டாக்டரம்மா. ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினாள். ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது, மறுபக்கம் கரியாகியிருந்தது. உணவுக்குழாயின் ஒரு புறம் வெந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை. ஆனால் இத்தோடு முடிந்தது என்று சொல்ல மாட்டேன், புண் ஆறுகிற வரைக்கும் எது வேண்டுமானாலும் ஆகலாம், ரத்தமாக வாந்தி எடுத்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் கொண்டுவாருங்கள் என்றாள்.

மூக்கில் குழாயோடு பட்டாணி ஒன்பது நாள் அங்கே கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் கஞ்சித்தண்ணிதான். அவள் இருமினால் இரண்டு பேரும் இரண்டு திசையிலிருந்து ஓடிவருவார்கள். சிந்திய தக்காளிச் சாற்றைப் பார்த்து ஒரு நாள் கணவன் செருப்புகூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை ஓடிவிட்டான். கூரை விளக்கை அவன் பேட்டரியை எடுத்த அன்றைக்கே கழற்றியிருந்தான். வீட்டில் பேட்டரி போட்ட சாமான் ஒவ்வொன்றையும் தேடி எடுத்து மூடியைத் திருகி, அதன் மேல் பசையும் ஊற்றினான். சுவர்க் கடிகாரத்தையும் விடவில்லை. அது நின்றுபோன பிறகு திறக்க வழியில்லை.

ஐந்தாவது வாரம் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது, சாதாரணமாகச் சாப்பிடக் கொடுக்கலாம் என்றார்கள். வெளியே வந்து இருவரும் ஒரு மரத்தடியில் நின்று அழுதார்கள். பட்டாணி அப்பாவின் காதைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

சுருட்டிப் பரண்மேல் போட்டிருந்த நீலத் துணியை அடுத்த விடுமுறையில் அம்மா எடுத்தாள். குண்டூசியே குத்தாமல் பெரிய பெரிய தையலாக நூலோட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு தைத்து முடித்தாள். ஒரு பக்கம் அரை அங்குலம் கூடுதலாகத் தொங்கியது. கணவன் கம்பியில் வளையங்களைக் கோத்து மாட்டிவிட்டு, கப்பலெல்லாம் கொஞ்சம் சாய்ந்துதான் போகுது என்றான்.

பட்டாணி ஓடிவந்து திரைச்சீலைக்குப் பின்னால் நுழைந்துகொண்டாள். இரண்டு குட்டிப் பாதங்கள் மட்டும் கீழே தெரிந்தன.

"பட்டாணி எங்க?" என்றாள் அம்மா.

பதில் இல்லை. சிரிப்பும் இல்லை.  அம்மா இரண்டே எட்டில் போய்த் திரைச்சீலையைச் சரக்கென்று விலக்கினாள். பட்டாணி மூச்சைப் பிடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். விளையாட்டு கெட்டுப்போனதில் அவள் முகம் சுருங்கியது.

"மூடு" என்றாள்.

அம்மா அவள் வாயை, கையை, காலடியை ஒரு முறை பார்த்தாள். பிறகு திரைச்சீலையை மெல்ல இழுத்து மூடிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.