புகைக்கூடச் சுவரும் வேலாயியின் தாளமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், புக்கிட் காத்தில் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சேகரன் ஆபீஸ் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்தான். வயது இருபத்திரண்டு. மலாக்கா டவுனில் ஒன்பதாவது வரை இங்கிலீஷ் படித்தவன். ரப்பர் விலை விழுந்ததும் படிப்பும் நின்றுபோயிற்று. ஆனாலும் டிசம்பரில் பள்ளி இறுதிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜைத் தனியாக எழுதியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தான். பாச்சாங்கில் மஜீது கடையில், பொட்டலம் மடிக்கக் கிழிபட இருந்த பௌதிகப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, அதை ஏறக்குறைய மனப்பாடமே செய்துவிட்டான்.

சோதனைகள்தான் உதைத்தன. தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் கண்ணாடிக் குழாய்க்கும் தராசுக்கும் எங்கே போவது? 'ஒலி' என்ற பாடத்தில் மட்டும், ஒரு பெரிய சுவர் இருந்தால் போதும் என்று ஒரு சோதனை போட்டிருந்தது. சுவருக்கு எதிரே தூரத்தில் நின்று கட்டையைத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் சரிநடுவில் எதிரொலி வந்து விழ வேண்டும். முதல் தட்டைப் பூஜ்யமாக வைத்து, அப்படி ஐம்பது தட்டு எண்ண ஆகும் நேரம் தெரிந்தால், சத்தத்தின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தின் செங்கல் சுவரிலிருந்து இருநூற்றெண்பது அடி அளந்து நின்றான் சேகரன். தட்டினான், தட்டினான். முதல் தடவை வேகம் நொடிக்கு எண்ணூறு அடி என்று வந்தது. இரண்டாம் தடவை ஆயிரத்து முந்நூறு. புகைக்கூடத்துக்கு விறகு போடும் மாயாண்டி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கோப்பி கொண்டுவந்த அவன் மனைவி வேலாயிக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கோயில் கும்மியில் மற்றவர்கள் அவள் கையைப் பார்த்துத்தான் தட்டுவார்கள்.

"கட்டைய இப்படிக் கொடுங்க. தகரத்துல மழை விழுற மாதிரித் தட்டுறீங்களே!"

அவள் தட்டினாள். சுவர் பதில் சொன்னது. பத்துத் தட்டுக்குள் எதிரொலி நடுவில் வந்து சொன்னபடி உட்கார்ந்துகொண்டது. சேகரன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐம்பது தட்டுக்கு நாற்பத்தொன்பது நொடி. மூன்று தடவையும் அதேதான்.

கணக்குப் போட்டவன் முகம் தொங்கிவிட்டது.

"நொடிக்கு ஆயிரத்து நூத்து நாப்பத்து மூணு அடி வருது. புத்தகத்துல ஆயிரத்துத் தொண்ணூறுதான். அம்பது அடி தப்பு."

"என் கை தப்பாது." வேலாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் புத்தகம் எந்த ஊருல எழுதுனது?"

"இங்கிலாந்துல."

"குளிர் ஊருல எழுதுனத இந்த வேக்காட்டுல வச்சுப் பாத்தா எப்படிச் சரியா இருக்கும்?"

சேகரன் சிரிக்க வாய் திறந்தான். சிரிப்பு பாதியில் நின்றது. புத்தகத்தைப் புரட்டினான். அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில், தண்ணீர் உறையும் குளிரில் என்று போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில், காற்றுச் சூடு ஒரு பாரன்ஹீட் டிகிரி ஏறினால் ஓரடிக்குச் சற்று மேல் வேகம் கூடும் என்றும் இருந்தது. இத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறான்!

"மாயாண்டி அண்ணே! உள்ளே தொங்குற தெர்மாமீட்டரக் கொஞ்சம் வெளியே கொண்டாங்க!"

நிழலில் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள். எண்பத்தாறு டிகிரி பாரன்ஹீட் காட்டியது. உறைநிலைக்கு மேல் ஐம்பத்து நாலு. கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது. வேலாயியின் கணக்குக்கும் அதற்கும் ஆறே அடி வித்தியாசம்.

சேகரன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தான்.

"விடுங்கலா, அண்ணன் பாக்குறாரு!"

மாயாண்டி அவசரமாக விறகுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிசம்பரில் பரீட்சை நடந்தது. ஒலியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஒளியும் காந்தமுமாகக் கேட்டுத் தள்ளிவிட்டார்கள்.

"கை காய்க்கத் தட்டுனேனே! ஒரு வார்த்தை கேக்கலையா?" என்று வேலாயி இரண்டு நாள் புலம்பினாள். இருந்தாலும் மார்ச்சில் பேப்பரில் தேறியவர் பட்டியலில் சேகரன் பெயர் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே இருவரும் பஸ் ஏறித் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போனார்கள். அலையில் கால் நனைத்தபடி வேலாயி கேட்டாள்: "காந்தம்னா என்னங்க? அத முதல்லேருந்து சொல்லுங்க."