இடது காதைப் பார்த்துப் பேசுகிறவன்

மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். பார்த்தார். சிரித்தார். நான் ஒன்றும் செய்யவில்லை, கையில் முதுகுவலி மாத்திரைக்கான சீட்டு இருந்தது, அவ்வளவுதான்.

"கண்ணாடி மாமா! ஒரு தடவை தேடிக் காட்டுங்களேன்!"

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே வீடு வீடாகப் போய்த் தேடுகிற ஆசாமி. தொலைக்காட்சியில் வாரம் அரைமணி நேரம், இருபத்திரண்டு வருடம் அந்த ஆசாமியாக இருந்தேன். நிகழ்ச்சியை விட்டு மூன்று வருடம் ஆகியும் ஜனங்கள் என்னை விடுவதாக இல்லை. தேடிக் காட்டினேன். வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

விட்ட புதிதில், இனிமேல்தான் எனக்கு வாழ்க்கையே ஆரம்பம் என்று பேட்டியெல்லாம் கொடுத்தேன். சொன்ன வாய்க்கு ஏதாவது செய்தாக வேண்டுமே! மீன் வளர்த்தேன், தீனி போட்டே கொன்றேன். காலை நடை போனேன். பத்தடிக்கு ஒரு செல்ஃபி, நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். சதுரங்க மன்றத்தில் சேர்ந்தேன். குதிரையை எடுத்தால் எதிராளி சிரித்தார், தோற்றால் சிரித்தார், ஒருநாள் தப்பித்தவறி ஜெயித்தபோது நடுவரும் சேர்ந்து சிரித்தார். கடைசியாகப் போய்ச் சேர்ந்தது களிமண்ணில் மனிதத் தலை செய்யச் சொல்லித்தரும் வகுப்பு. அதை நடத்தும் அம்மாளுக்கு டிவி பார்க்கும் பழக்கம் கிடையாது. அதற்காகவே அங்கே ஒட்டிக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் நான் செய்திருந்த ஐந்து தலைகளையும் அந்த அம்மாள் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"காது ஒவ்வொண்ணும் உசிரோட இருக்கு சார். அதுவும் இடது காது. கண்ணுதான் சுத்தமா சரியில்ல. நீங்க யாரையும் கண்ணைப் பாத்துப் பேசவே மாட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிலுக்கு அசடு வழிந்துவிட்டு வந்தேன்.

நிகழ்ச்சியில் என் கூட்டாளிக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். அவன் கண்ணைப் பார்த்து வசனம் பேசினால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்தால் காட்சி பாழ், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே நாளில் பதினோரு தடவை கெடுத்தேன். இயக்குநர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றித் தரையில் எறிந்தார். அன்றைக்குத்தான் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தேன்: குண்டூசியின் இடது காதைப் பார்த்துப் பேசுவது. அதில் மூன்று முடி இருந்தது. கேமராவில் வித்தியாசம் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு காட்சிகூட என்னால் கெட்டதில்லை.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று கட்டிலருகே உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிடும்" என்று அவள் காதிடம்தான் சொன்னேன். நான் அப்படிச் சொன்னது அந்த அம்மாள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் அப்படிக் கேட்ட வாரம்தான் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"மாசக் கடைசியில பொண்ணுகிட்டப் போறேன். போய்ட்டு வர்ற கதை இல்ல. அங்கேயே இருக்கப்போறேன். நீங்க வர்றீங்களா இல்லையான்னு யோசிச்சு சொல்லுங்க."

மகள் இருப்பது வேறு தேசம், வேறு பாஷை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வருகிறேன், அல்லது போகாதே. இரண்டில் ஒன்றுதானே! "பாஸ்போர்ட்டைத் தேடணுமே" என்று சொல்லி நெற்றியைத் தடவிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. கூடத்தில் ஒரு பெரிய பெட்டி மட்டும் திறந்தபடி கிடந்து நாளுக்கு நாள் நிறைந்துகொண்டு வந்தது.

பதில் சொல்ல வாய் வராதவன் என்ன செய்வான்? அவள் தலையைச் செய்யப்போகிறேன் என்றேன்.

"என் தலையா? எதுக்கு?"

"வகுப்புல செய்யச் சொல்லியிருக்காங்க."

பொய்தான். எதிரே உட்கார வைத்தால் எப்படியும் முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும், பார்த்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று ஒரு கணக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னறை ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். முதல் நாளே காது இரண்டும் முடிந்துவிட்டன. இடது காது மடலில் தோடு இழுத்து இழுத்து நீண்டுபோன துளைகூட அப்படியே வந்துவிட்டது. இரண்டாம் நாள் கண்ணுக்கு வந்தேன். நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தேன். பக்கென்று சிரித்துவிட்டேன்.

"பாத்தா சிரிப்பு வர்ற மாதிரியா இருக்கேன்?"

"ஐயோ, உன்னைப் பாத்து இல்ல—"

"வேற யாரு இருக்கா இங்க?"

எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆனாலும் மறுநாள் வந்து உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். நான் கண்ணை விட்டுவிட்டுத் தாடையைச் சரிசெய்தேன், தலைமுடிக்குக் கோடு இழுத்தேன், மூக்கைச் சீவினேன். பேச்சு தானாக வரவில்லை. மாலையில் களிமண் காயாமலிருக்க ஈரத்துணியைச் சுற்றி வைத்துவிட்டு, எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பேன்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"அங்க ஏன் வர மாட்டேங்கறீங்க? முதுகுவலி, வகுப்புன்னு எல்லாம் அளக்காதீங்க."

"அங்க குளிரு—"

கையை நீட்டி என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "இங்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். சிரிப்பு வந்தது. அவள் பிடியை விடவில்லை, கோபப்படவும் இல்லை. அசட்டுத்தனமாக, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சிரித்துச் சிரித்து ஓய்ந்து போனேன். அவள் கண் அங்கேயேதான் இருந்தது. இடது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது. அது எந்த வருடம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"அங்க என்னை யாருக்கும் தெரியாது," என்றேன். "கடைக்குப் போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அலுத்துப்போச்சு, அலுத்துப்போச்சுன்னு புலம்பறேனே, அது பாதிதான் நிஜம். யாருமே சிரிக்கலேன்னா நான் எதுக்கு இருக்கேன்னே எனக்குத் தெரியாது. பயமா இருக்கு."

அவள் காத்திருந்தாள். நான் எதைச் சொன்னாலும் பின்னாலேயே ஒரு வேடிக்கை வரும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. நானும் வர்றேன்."

முகவாயை விட்டாள். அதிலிருந்து விரலில் ஒட்டிய களிமண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு டிக்கெட்டாத்தான் போட்டிருந்தேன். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு வச்சிருந்தேன். நேத்து உங்களோடதை ரத்து பண்ணிட்டேன்."

குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் நேத்து?"

"நேத்து நீங்க மூக்கைச் செதுக்கிட்டு இருந்தீங்க. ரொம்பப் பக்கத்துல வந்து உக்காந்தீங்க. சரி, இப்பச் சொல்லப்போறாருன்னு நெனச்சேன். வாயைத் திறந்தீங்க. 'அசையாதே'ன்னு சொன்னீங்க."

சொன்னது நிஜம்தான். மூக்கு நுனி கோணிவிடக் கூடாதே என்று சொன்னேன்.

"இன்னொண்ணு போட முடியாதா?"

"அந்த விமானத்துல இடம் இல்ல, பாத்துட்டேன். அடுத்த வாரம் இருக்கலாம். வேணும்னா நீங்களே போட்டுக்கோங்க."

கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தேன். திரையெல்லாம் மண்ணானது. எங்கே அமுக்க வேண்டும், என்ன எழுத வேண்டும், ஒரு மண்ணும் புரியவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு பஸ் டிக்கெட்கூட நான் எடுத்ததில்லை, எல்லாம் அவள்தான் எடுத்தாள். எப்படிப் போடுவது என்று அவளிடமே கேட்டேன்.

அவள் எழுந்து கூடத்துக்குப் போயிருந்தாள். பெட்டியை ஒரு பக்கம் முட்டி போட்டு அமுக்கி, மறுபக்கம் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பெட்டிக்குள் அவள் பொருட்கள் மட்டும்தான் இருந்தன.