பாதி வண்டு

1

இந்தக் கதை என் தங்கையின் வெந்த உதட்டில் பிறந்தது. [“வெந்த” மிகை. லேசாகச் சுட்டது, அவ்வளவுதான் என்கிறாள்.] அவள் வண்டு ஆராய்ச்சிக்காரி. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, பூச்சியைச் சீசாவுக்குள் இழுப்பது அவர்கள் வழக்கம். குழாயில் வலைத்துணி செருக மறந்து, வெடிவண்டு ஒன்றை உறிஞ்சிவிட்டாள். மிரண்டால் கொதிக்கும் நஞ்சைப் பின்பக்கமாகப் பீய்ச்சுகிற வண்டு அது. உதட்டில் கறையோடு என்னைப் பார்க்க வந்தாள்.

நான் பக்கவாதத்தில் விழுந்து எழுந்திருந்தேன். வலக்கை வரவில்லை. ஒரு வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை. எழுத்தை விட்டால் எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

2

நான் சொல்லி அவள் தட்டச்சு செய்த முதல் தொடக்கம்: “ஆதியில் ஒருநாள், வயிற்றில் பீரங்கியோடு ஒரு வண்டு

“ஒரே நாள்ல எப்படிண்ணா வரும்?”

“பாதி பீரங்கி... எதுக்கு?”

“பீரங்கி கடைசியிலதான். மேலோட்டைக் கெட்டியாக்குற சரக்கு பூச்சிங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. அது கொஞ்சம் வெளியே கசிஞ்சா, எறும்பு கடிச்சுட்டுத் துப்பிடும். அதுவே லாபம். அப்புறம் தேக்கி வைக்க ஒரு பை, இறுக்க ஒரு தசை. அதோட பெராக்சைடுங்கிற ரசாயனம் கொஞ்சம் சேர்ந்தா வெதுவெதுப்பு, நிறைய சேர்ந்தா கொதி. அதுக்குள்ள பையோட உள்சுவரும் தடிச்சிருக்கும். இப்படித்தான் நடந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். நடந்திருக்கலாம். இன்னிக்கும் வெறுமனே நுரை விட்டுட்டு நல்லா இருக்கிற வண்டுங்க உண்டு.”

3

இங்கே தாடியும் கைத்தடியுமாக ஒரு பேராசிரியரைக் கொண்டுவர நினைத்தேன். [வேண்டாம். இவள் இருக்க அவர் எதற்கு?]

தினமும் வந்தாள். நான் சொல்லுக்குத் தவிக்கும்போது எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். அறுந்த வரிகளை அறுந்தபடியே தட்டினாள். நீங்கள் மடமடவென்று படிக்கும் இவையெல்லாம் அப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தவை.

“இதை... யாரு படிப்பா?” என்றேன்.

“நான் படிக்கிறேன்ல. இன்னிக்கு அது போதும்.”

அழுதுவிட்டேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வண்டு பீய்ச்சினது இன்னும் எரியுது” என்றாள். நல்ல பொய்.

4

முடிவு ஒன்று: முழுசாகத் தேறிப் பெரிய நாவல் எழுதுகிறேன். மருத்துவரே அப்படிச் சொல்லவில்லை.

முடிவு இரண்டு: இத்தோடு எழுத்துக்கு முழுக்கு. இதைத் தட்டச்சு செய்ய மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்ததற்கு மனசார நன்றி. அவள் இன்னும் திரும்பவில்லை. இந்தப் பகுதியைத் தட்டியது அவளல்ல, இடக்கையின் ஒற்றை விரலால் நான்தா