இரண்டு கல் சேரும் இடம்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அண்ணி காதுக்குள் விரல் விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

"ஏய், உனக்குக் காது அடைச்சிருக்கா?"

"இல்லையே அண்ணி."

"எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

மதகுக்காரி பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் தன் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பதைக் கவனித்தாள். ஆலைத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓயாமல் அருவி கொட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வாழ வருகிற பெண்கள் முதல் வாரம் முழுக்க எல்லோரும் தங்களைத் திட்டுவதாகவே நினைத்து அழுவார்கள். இன்றைக்கு எதிர்வீட்டுக்காரன் தன் மாமியாரைப் பற்றி மனைவியிடம் முணுமுணுத்தது தெரு முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அருவி நின்றுபோயிருந்தது.

மதகுக்காரி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பஞ்சாலைக்கு நீர் திருப்பும் மதகு அவள் பொறுப்பு. அதற்கு முன்னால் அவளுடைய அண்ணன் பார்த்த வேலை அது. ஒரு மழைக்காலத்தில் மதகில் சிக்கிய மரக்கிளையை எடுக்கக் குனிந்தவன் அருவியோடு போய்விட்டான். உடல் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து அண்ணி ஆற்றங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆலைத் தொழிலாளிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டு, நாத்தனாரோடு அதே வீட்டில் இருந்தாள்.

மதகின் மேல் மேனேஜர் நின்றிருந்தார். பக்கத்தில் கல்லு டாக்டர். ஆலைச் சுவர்களில் விரிசல் விழுகிறதென்று நிர்வாகம் வரவழைத்த நிலவியல்காரர் அவர். பாறையைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பதால் தெரு அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தது.

"சக்கரத்தத் திருப்பும்மா. எங்கயோ அடைச்சிருக்கு" என்றார் மேனேஜர்.

"அடைக்கல சார். அங்க பாருங்க" என்றாள் அவள்.

ஆறு வழக்கம்போலத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அருவியின் விளிம்பைத் தொடவில்லை. விளிம்புக்குச் சற்று முன்னால், கரைக்குக் கரை, பாறையில் ஒரு வாய் திறந்திருந்தது. ஆறு முழுவதும் அதற்குள் எண்ணெய் ஊற்றுவதுபோல் சத்தமில்லாமல் இறங்கியது. காதில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்காலில்தான் ஓர் அதிர்வு தெரிந்தது.

கல்லு டாக்டர் சுத்தியலால் அந்த வாயைக் காட்டினார். "மேல இருக்கிறது கருங்கல். கீழ சுண்ணாம்புக்கல். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இல்ல, சும்மா சாஞ்சுக்கிட்டு நிக்குது. மெத்துனு இருக்கிற கல்லு கரைஞ்சதாலதான் ஆறு இங்க விழுந்துச்சு. ஆறு விழுந்ததால இங்க ஆலை. ஆலை வந்ததால உங்க தெரு. அந்த ரெண்டு கல்லோட சண்டையிலதான் இந்த ஊரே குடும்பம் நடத்துது."

"இப்ப என்ன ஆகும்?" என்று கேட்டாள் மதகுக்காரி.

"தண்ணி கீழ எங்க போகுதுன்னு தெரியல. உங்க வீட்டுக் கிணறெல்லாம் அந்தச் சுண்ணாம்புக்கல்லுல ஒரே வரிசையில இருக்கே, அதுக்கு அடியிலதான் போகுதோன்னு எனக்குப் பயமா இருக்கு." அவர் சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டுத் தெருவை நோக்கி ஓடினார்.

மதகுக்காரி கீழே பார்த்தாள். அருவி விழுந்த மடு வற்றிக் கிடந்தது. தெருவாசிகள் அதற்குள் இறங்கி, என்றோ தவறவிட்ட குடங்களையும் துருப்பிடித்த பல்சக்கரங்களையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மீன்கள் துள்ளித் துள்ளி ஓய்ந்துகொண்டிருந்தன. அவர்கள் நடுவே, யாரையும் எதையும் பார்க்காமல், அண்ணி போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணி!"

அவள் திரும்பவில்லை. மடுவின் பின்சுவரில் கரிய பாறையும் வெள்ளைப் பாறையும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஆள் நுழையுமளவு பிளவு இருந்தது. இத்தனை காலம் அருவி அதைத் திரைபோல் மூடியிருந்தது. மதகுக்காரி சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது, அண்ணி அந்தப் பிளவில் கன்னத்தை வைத்து நின்றிருந்தாள்.

"வாங்க அண்ணி. இங்க நிக்கக் கூடாது."

"ஷ்ஷ். கேளு."

பிளவு மூச்சு இழுத்தது. அவசரமில்லாத, நீளமான மூச்சு. தைத்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் தோளில் ஒட்டிய வெள்ளை நூலொன்று எழுந்து, படுக்கைவாட்டில் நீண்டு, நுனி இருட்டுக்குள் துடித்தது. உள்ளே இறங்கும் தண்ணீர் காற்றை இழுக்கிறது, அவ்வளவுதான் என்று மதகுக்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீரைத் தெரியும்.

நூல் தொய்ந்து விழுந்தது. மூச்சு நின்றது.

பிறகு உள்ளே யாரோ இருமினார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் கட்டியவர்கள் இருமும் வறட்டு இருமல். மதகுக்கு வருமுன் ஆலைக்குள் வேலை பார்த்த அண்ணன் வீட்டுக்கு வரும்போது, அருவியையும் மீறித் தெருமுனையிலேயே கேட்கும் இருமல். அண்ணி சிரித்தாள். நூல் மெல்ல எழுந்து, இந்த முறை அவர்கள் பக்கமாகத் திரும்பியது. ஈரமான, ஐஸ் போன்ற காற்று முகத்தில் அறைந்தது. அதோடு ஒரு சொல்லும் வந்தது. மதகுக்காரிக்கு அது "போ" என்று கேட்டது.

அவள் அண்ணியின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அண்ணியின் கைகள் பாறையை விடவில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்த பிறகே விட்டன.

"எல்லாரும் மேல ஏறுங்க! கருங்கல் பக்கம்! ஏறுங்க!" அருவியை மிஞ்சிக் கத்திப் பழகிய தொண்டை. மடுவில் இருந்தவர்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஏறினார்கள். மேலே தெருவில் கல்லு டாக்டர் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைவிட, கிணறுகள் செய்ததுதான் ஜனங்களைக் கிளப்பியது. ஒவ்வொரு கிணற்று மூடியும் அடியிலிருந்து யாரோ தட்டுவதுபோல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கரும்பாறை மேட்டில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் கிணறுகளிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் பீறிட்டது. பிறகு தெரு, உட்காருகிற ஆள்போல, மெதுவாகக் கீழே இறங்கியது. கூரைகள் கலையாமல் வரிசையாகவே போயின. கடைசியில் ஆலையின் பாதி போனது. கரும்பாறையில் நின்ற பாதி அப்படியே நின்றது. அதன் உள்ளே வரிசையாக நூற்பு இயந்திரங்கள் தெரிந்தன. குடையை எடுத்து வருகிறேன் என்று திரும்பிப்போன ஆலைக் காவலாளி மட்டும் வரவில்லை. அவரும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது மதகுக்காரி அண்ணியின் விரல்களுக்குக் கட்டுப் போட்டாள்.

"அண்ணன் நம்மளக் காப்பாத்திட்டாரு அண்ணி. போன்னு சொன்னாரே" என்றாள். அதை நம்புகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணி நிமிர்ந்தாள். "உனக்குப் போன்னு கேட்டுச்சா?"

"உங்களுக்கு?"

"வான்னு கேட்டுச்சு."



காணாமல் போன ஆறு, வெகுதூரம் தள்ளி ஒரு குன்றின் அடிவாரத்தில் வெளியே வந்தது. அதுவும் கரியதும் வெள்ளையும் சந்திக்கும் அதே கோட்டில்தான். தண்ணீர் வந்த இடத்துக்கு ஜனங்கள் போனார்கள். கல்லு டாக்டர் போய், இரண்டு கல்லும் சேரும் அந்தக் கோட்டைக் காட்டி, கரும்பாறைப் பக்கம் மட்டும் கட்டுங்கள் என்று மன்றாடினார். மேனேஜர் பொறுமையாகத் தலையாட்டினார். கருங்கல்லை வெட்டி அஸ்திவாரம் போட ஆகும் காலத்துக்கு யார் காத்திருப்பார்கள்? புதிய ஆலை வெள்ளைப் பாறையில் எழுந்தது, அதைச் சுற்றி வீடுகளும்.

மதகு வேலைக்கு மறுபடி அவளையே கூப்பிட்டார்கள். வேறு பிழைப்பு தெரியாததால் ஒப்புக்கொண்டாள். வீட்டை மட்டும் மேட்டில், கரும்பாறையில் அமைத்துக்கொண்டாள். அங்கே கிணறு தோண்ட முடியாது. தண்ணீரைச் சுமந்துதான் ஏற வேண்டும். வேலைக்குப் புறப்படும்போது அண்ணி தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாளா என்று பார்ப்பாள். வெளிக்கதவைப் பூட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு இறங்குவாள். அண்ணி அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.